கைப் பயிற்சிக்கு நீ எழுதிய பட்டியல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் டம்பெல்லைக் கையில் எடுத்திருக்கிறாய் என்று படித்தபோது, கல்லூரி விடுதியின் மொட்டைமாடியில் நாம் இருவரும் ஒரே பார்பெல்லை மாற்றி மாற்றித் தூக்கிய மாலைகள் நினைவுக்கு வந்தன. நீ வகுத்து அனுப்பிய கைப் பயிற்சிப் பட்டியலை இரண்டு முறை படித்தேன். மேற்கையின் முன்புறத் தசையான பைசெப்ஸுக்கு ஆறு பயிற்சி, பின்புறத் தசையான டிரைசெப்ஸுக்கு ஒன்று, அத்தனையும் வாரத்தில் ஒரே நாளில். உன் ஆர்வத்தில் எனக்கு ஐயமே இல்லை. பட்டியலைத்தான் மாற்ற வேண்டும் என்று தோன்றுகிறது. அவசரமாகப் பதில் எழுதாமல் யோசித்து எழுத விரும்பியதால்தான் இத்தனை தாமதம்.

கண்ணாடி முன் நிற்கும்போது நம் கண்ணில் முதலில் படுவது பைசெப்ஸ் என்பதால் கை என்றாலே அதுதான் என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் மேற்கையின் பருமனில் பெரும் பங்கு பின்புறத்து டிரைசெப்ஸுடையது. அதன் மூன்று தலைகளில், அதாவது தசை தொடங்கும் பிரிவுகளில், இரண்டு மேற்கை எலும்பிலேயே தொடங்குகின்றன. மூன்றாவதான நீண்ட தலை தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டு, தோள் மூட்டையும் முழங்கை மூட்டையும் கடந்து வருகிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டாலே டிரைசெப்ஸுக்கு எந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். கையைத் தலைக்கு மேல் உயர்த்தினால்தான் நீண்ட தலை முழுமையாக நீள்கிறது. உடம்போடு ஒட்டிவைத்து, எடை கட்டிய கேபிளைக் கீழே தள்ளும்போது அது அவ்வளவாக நீள்வதில்லை. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஆளின் ஒரு கை தலைக்கு மேல் உயர்த்திய நிலையிலும் மறு கை உடம்போடு ஒட்டிய நிலையிலும் 12 வாரங்கள் பயிற்சி பெற்றன. தலைக்கு மேல் உழைத்த கைக்குக் குறைந்த எடையே கொடுக்கப்பட்டிருந்தும், அந்தக் கையின் டிரைசெப்ஸ்தான் கூடுதலாக வளர்ந்தது. நீ எழுதியிருந்த அந்த ஒரே டிரைசெப்ஸ் பயிற்சி, இப்படிக் கேபிளைக் கீழே தள்ளும் புஷ்டவுன். அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் கையைத் தலைக்கு மேல் வைத்து முழங்கையை மடக்கி நீட்டும் எக்ஸ்டென்ஷன் ஒன்றை அதற்கு முன்னால் சேர்த்துக்கொள்.

முழங்கையை மடக்கி எடையைத் தூக்குவதுதான் கர்ல். உன் ஆறு கர்ல்களில் நான்கு ஏறக்குறைய ஒரே அசைவு; கம்பி மாறுகிறதே தவிர வேலை மாறவில்லை. பைசெப்ஸ் முழங்கையை மடக்குவதோடு, ஆரை எலும்பில் பற்றியிருப்பதால் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவும் செய்கிறது. எனவே உள்ளங்கை மேல்நோக்கிய கர்ல் ஒன்று வேண்டும். சாய்வு பெஞ்சில் படுத்து, கைகள் உடம்புக்குப் பின்னால் தொங்கும்படி செய்யும் இன்க்ளைன் கர்ல் ஒன்றும் வேண்டும். அதில் பைசெப்ஸின் நீண்ட தலை நன்றாக இழுபடும். பைசெப்ஸுக்கு அடியில் பிரேக்கியாலிஸ் என்றொரு தசை இருக்கிறது. அது பருத்தால் பைசெப்ஸும் மேலே எழும்பித் தெரியும். கட்டைவிரல் மேல்நோக்கி இருக்கும்படி பிடித்துச் செய்யும் ஹாமர் கர்ல் அதற்கும் முன்கைக்கும் சேர்த்து வேலை கொடுக்கும். இவற்றுக்கு மேல் தேவையென்றால், மேற்கையைச் சாய்பலகையில் ஊன்றிச் செய்யும் ப்ரீச்சர் கர்ல் ஒன்று போதும்.

இனி நாள் கணக்கு. ஓய்வின்றி ஒரே மூச்சில் சில முறை தூக்குவது ஒரு செட். ஒரே நாளில் இருபது செட் செய்தால் கடைசிப் பத்து செட்டில் நீ தூக்குவது தசையால் அன்று, இடுப்பின் ஆட்டத்தால். அதையே இரண்டு நாளாகப் பிரித்தால் ஒவ்வொரு செட்டும் உருப்படியாக அமையும். முதல் நாளில் டிரைசெப்ஸிலிருந்து தொடங்கு: பெஞ்சில் படுத்துக் கம்பியை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், குறுகிய பிடியில் மூன்று செட், 6 முதல் 8 முறை, பிறகு இன்க்ளைன் கர்ல் மூன்று செட், 8 முதல் 12 முறை, கேபிளைத் தலைக்கு மேல் நீட்டும் எக்ஸ்டென்ஷன் மூன்று செட், முடிவில் ஹாமர் கர்ல் இரண்டு. மூன்று நாள் கழித்து வரும் இரண்டாவது நாளில் பைசெப்ஸ் முந்தட்டும்: பார்பெல் கர்ல் மூன்று, ஒரே டம்பெல்லை இரு கையாலும் பிடித்துத் தலைக்குப் பின்னே இறக்கி ஏற்றுவது மூன்று, ப்ரீச்சர் கர்ல் இரண்டு, புஷ்டவுன் மூன்று. கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு டிரைசெப்ஸுக்கு 12 செட், பைசெப்ஸுக்கு 10 செட். இது குறைவு என்று உனக்குத் தோன்றும். ஆனால் நெஞ்சுக்காகச் செய்யும் ஒவ்வொரு பிரஸ்ஸிலும் டிரைசெப்ஸ் உழைக்கிறது, முதுகுக்காக எடையை உடம்பை நோக்கி இழுக்கும் ஒவ்வொரு ரோவிலும், கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்-அப்பிலும் பைசெப்ஸ் உழைக்கிறது. உன் பட்டியலில் இந்த உழைப்பு கணக்கிலேயே வரவில்லை.

நேரம் போதவில்லை என்று எழுதியிருந்தாய். ஒரு கர்ல் செட் முடிந்ததும் ஒரு நிமிடம் நின்று டிரைசெப்ஸ் செட் ஒன்றைச் செய். ஒன்று உழைக்கும்போது மற்றது ஓய்வெடுக்கும். பெஞ்ச் பிரஸ்ஸுக்கு மட்டும் இந்த முறை வேண்டாம், அங்கே இரண்டு மூன்று நிமிடம் முழுதாக இளைப்பாறிக்கொள். ஒவ்வொரு செட்டையும், இன்னும் ஒன்றிரண்டு முறை மட்டுமே ஒழுங்காகத் தூக்க முடியும் என்ற நிலையில் நிறுத்து. எடையை இறக்கும்போது அதைத் தானாக விழவிடாதே. இறங்கும் வழியிலும் தசை எடையைத் தாங்கியபடியே வரவேண்டும்.

செட்டுகளைக் குறைக்கச் சொல்வதால் உனக்கு மனம் ஒப்பாமல் போகலாம். அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குப் படிப்படியாக எடை கூட்டும் பயிற்சியைக் கொடுத்து, அதைப் பற்றி 1945-இல் எழுதினார். தொடக்கத்தில் அவர் வைத்தது ஏழு முதல் பத்து செட். 1948-இல் அவரே அதை மூன்று செட்டாகக் குறைத்துக்கொண்டார். அவர் விட்டுக்கொடுக்காதது எடையைக் கூட்டிக்கொண்டே போவதைத்தான். நீயும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள். 8 முறையில் தொடங்கிய எடையை எல்லாச் செட்டிலும் 12 முறை தூக்க முடிகிற நாளில் எடையைக் கூட்டு, மீண்டும் 8-க்கு வா. சிறிய தசைகளுக்கு ஒரு கிலோ கூடப் பெரிய ஏற்றம் என்பதை மறக்காதே.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய். சென்ற ஆண்டு என் வலது முழங்கை மூன்று மாதம் என்னைப் படுத்தியது. படுத்துக்கொண்டு நேரான கம்பியை நெற்றிக்கு இறக்கும் பயிற்சியில் ஒவ்வொரு வாரமும் எடையைக் கூட்டிக்கொண்டே போனேன். தசை அதற்கு ஈடுகொடுத்தது, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் ஈடுகொடுக்கவில்லை. அது தசையைக் காட்டிலும் மெதுவாகத்தான் உறுதிப்படும். வலியைப் பொறுத்துக்கொண்டு மேலும் ஐந்து வாரம் தூக்கியதுதான் நான் செய்த பெரிய தவறு. இப்போது வளைந்த கம்பியோ கேபிளோதான் எடுக்கிறேன். முதல் இரண்டு செட் மிக இலேசான எடையில் மூட்டைச் சூடேற்றுவதற்கென்றே போகின்றன. இப்போது வலி இல்லை.

உனக்கு இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் நாளிலேயே பழைய எடையைத் தேடிப் போகாதே. முதல் இரண்டு வாரம் நான் எழுதியதில் பாதி செட்டுகளே போதும். இடைவெளி விட்டவர்கள் ஒரே நாளில் அளவுக்கு மீறிக் கர்ல் செய்தால் தசை நார்கள் சிதைந்து, அவற்றிலிருந்து வெளியேறும் பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். சாதாரண வலி இரண்டு மூன்று நாளில் தணியும். கை வீங்கி நீட்டவே முடியாமல் போனாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் கழிந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் போ.

முதல் நான்கு வாரக் குறிப்புகளை அப்படியே நகலெடுத்து எனக்கு அனுப்பு. எந்தப் பயிற்சியில் எத்தனை கிலோ, எத்தனை முறை, முழங்கை எப்படி இருந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். அதைப் பார்த்து ஐந்தாவது வாரத்தை இருவருமாகச் சேர்ந்து வகுப்போம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்