தோற்ற ப்ரொபோசல்களையும் படிக்கக் கொடுங்கள்

கல்லூரிகளில் ஆய்வுத் துறை டீன் பொறுப்பில் இருப்பவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக்கின் மதிப்பீடு வரப்போகிறது, மத்திய அரசின் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.புக்குத் தரவு அனுப்ப வேண்டும் என்றதும் உங்களிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வரும்: ஆய்வுக்கு நிதி கேட்டு ஒவ்வொரு துறையும் இத்தனை ப்ரொபோசல் அனுப்பியே ஆகணும். கூடவே ஒரு நாள் பயிலரங்கு. வெளியிலிருந்து வரும் பேராசிரியர் 'புதுமை இருக்க வேண்டும், பட்ஜெட் நியாயமாக இருக்க வேண்டும்' என்று ஸ்லைடு போடுவார், மதியம் சாப்பாடு, சாயங்காலம் சான்றிதழ், குரூப் போட்டோ. நிதி கிடைத்த ஒரு ப்ரொபோசலை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை அன்றைக்கு யாரும் படித்திருக்க மாட்டார்கள். தோற்றதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச்.சில் தொற்றுநோய்களுக்கான நிறுவனமான என்.ஐ.ஏ.ஐ.டி., ஆய்வாளர்களின் சம்மதத்தோடு, நிதி பெற்ற விண்ணப்பங்களை முழுசாக வெளியிட்டிருக்கிறது, மதிப்பீட்டுக் குழு அவற்றைப் பற்றி எழுதிய குறிப்புகளோடு. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நல்ல விஷயம்தான், ஆனால் அதிலும் ஜெயித்தவை மட்டும்தான். ஜெயித்ததில் இருக்கும் அழகான அட்டவணையும் நீளமான இலக்கிய மீளாய்வும் தோற்றதிலும் இருக்கும், அப்புறம் எது வித்தியாசம் என்று எப்படித் தெரியும்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் சில விஷயங்கள் கண்ணில் படும். தோற்றதில், முதல் குறிக்கோளில் பொருளைத் தயாரிப்பது, இரண்டாவதில் அதைச் சோதிப்பது, மூன்றாவதில் கருவியாக்குவது என்று அடுக்கியிருப்பார்கள். முதலாவது சொதப்பினால் மூன்று வருடமும் போச்சு, மாற்று வழி என்று ஒரு வரிகூட இருக்காது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சைஃப் மாதிரி பொது ஆய்வக வசதியில் கட்டணம் கட்டிச் செய்யக்கூடிய சோதனைக்குத் தனியாகக் கருவி வாங்க பட்ஜெட்டில் பாதியைக் கேட்டிருப்பார்கள். முன்னோட்டத் தரவு இருக்காது, ஆனால் 'இந்தியாவிலேயே முதல்முறை' என்று இருக்கும். இதெல்லாம் மொழிப் பிழை இல்லை, ஸ்லைடில் சொல்லிக்கொடுக்கவும் முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டும்: அதிர்ஷ்டம். 2018இல் வந்த ஓர் ஆய்வில், என்.ஐ.எச்.சின் 25 விண்ணப்பங்களை 43 மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்தார்கள்; ஒரே விண்ணப்பத்தைப் படித்தவர்களிடையே ஒத்த கருத்து என்று சொல்ல ஏறக்குறைய எதுவுமே இல்லை. இத்தனைக்கும் 25உமே கடைசியில் நிதி கிடைத்த நல்ல விண்ணப்பங்கள்! அதனால் ஒரு நிராகரிப்பை வைத்து 'உங்களுக்கு ஆய்வு வராது' என்று துறைக் கூட்டத்தில் ஜாடை பேசுவதை நிறுத்துங்கள். என்.ஐ.எச்.சில் நிராகரிக்கப்பட்டதைத் திருத்தி 37 மாதத்துக்குள் ஒரு முறை மறுபடி அனுப்பலாம், என்ன மாற்றினோம் என்று ஒரு பக்கத்தில் பதில் எழுத வேண்டும். நம் ஊரிலோ நிராகரிப்புக் கடிதம் வந்ததும் ஃபைலை மூடிவிட்டு, அடுத்த அறிவிப்புக்கு வேறு தலைப்பு தேடுகிறோம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கல்லூரியிலிருந்து போன ப்ரொபோசல்களையும், கிடைத்தவரை மதிப்பீட்டாளர் கருத்துகளையும், எழுதியவர் சம்மதத்தோடு ஒரு பொது ஃபோல்டரில் போடுங்கள். ஐடியா திருடு போகும் என்று பயப்படுகிறவர்களுக்கு இரண்டு வருடம் தள்ளிப் போடலாம், சம்பள விவரத்தை அழித்துவிடலாம். மாதம் ஒரு மத்தியானம் ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஒன்றைப் படித்து, மதிப்பீட்டாளர் இடத்திலிருந்து மார்க் போட்டுப் பார்க்கட்டும். பயிலரங்குச் சாப்பாட்டுச் செலவுகூட ஆகாது.

யாரும் தன் தோல்வியைக் கொண்டுவந்து போட மாட்டார்கள் என்பீர்கள். சரிதான், உதவிப் பேராசிரியர் எவரும் முதலில் போட மாட்டார், அடுத்த பதவி உயர்வு அவர் கண்முன்னால் நிற்கும். உங்களுக்கு அந்தக் கவலை கிடையாது, உங்களுடைய பழைய ப்ரொபோசல்களிலும் திரும்பி வந்தவை இருக்கும். ஃபோல்டரில் முதலில் அதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
சுற்றறிக்கை வந்ததும் மறுபடி எழுத உட்காரும் ஓர் உதவிப் பேராசிரியர்