பிரான்சிலிருந்து திரும்பிப் புதுச்சேரிக் கடலோரம் குடியேறப் போகும் சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே,

வணக்கம். பாரிஸ் புறநகரான லா கூர்னவ், சார்செல் பக்கம் பல வருடம் உழைத்து, ஓய்வூதியக் காலத்தைப் புதுச்சேரிக் கடலோரத்தில் கழிக்கலாம் என்று வருகிறீர்கள். பிறந்த மண்தான் என்றாலும், பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு வருகிறவர் சட்டப்படி வெளிநாட்டவர். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "சுத்தமான கடற்கரை எந்தப் பக்கம்?" என்பதைத்தான். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் வந்து, காய்ந்த மணலையும் நீலத் தண்ணீரையும் பார்த்ததுமே முன்பணம் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த அவசரம் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இங்கே கடற்கரையின் சுத்தம் ஊரைப் பொறுத்ததல்ல. ஆற்று முகத்துக்கு எந்தப் பக்கம், எந்த மாதம் என்பதைப் பொறுத்தது.

மணலிலிருந்து தொடங்குவோம். சுமாராக மார்ச் முதல் அக்டோபர் வரை அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே நகர்த்தும். வாடை அடிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தெற்கே நகர்த்தும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழும்பியதும், வடக்கே போக வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கிலேயே தங்கிவிட்டது. அதனால்தான் வீராம்பட்டினத்தில் அகலமான மணல்வெளி, நகரத்தின் கடற்கரைச் சாலையில் கருங்கல். அந்தக் கல் சாலையைக் காப்பாற்றியது, அரிப்பு மட்டும் நிற்கவில்லை. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று ஒவ்வொரு கல் வரிசையும் அடுத்த குப்பத்துக்கு அரிப்பைத் தள்ளிவிட்டது. தமிழ்நாட்டு எல்லை தாண்டிக் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் வரைக்கும் இதே கதைதான். கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்வரிசைகளும் அப்படியே: தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் கரையும். தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தண்ணீருக்கடியில் அமைத்த செயற்கைத் திட்டுக்குப் பிறகு அங்கே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் அதை நம்பி வடக்கே முன்வரிசை மனை வாங்காதீர்கள்.

எந்த மனையைக் காட்டினாலும் முதலில் இதைச் செய்யுங்கள். கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. மனையின் கடல் பக்க எல்லையிலிருந்து அலைக்கோடு வரை அளவுகோலால் அளந்து, கிடைக்கிற மிகப் பழைய படத்திலிருந்து இன்றைய படம் வரை குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாதத்துப் படங்களைத்தான் ஒப்பிட வேண்டும். ஜனவரியையும் ஆகஸ்டையும் ஒப்பிட்டால் பருவத்தில் வந்து போகும் மணல் உங்களை ஏமாற்றிவிடும். தூரம் படத்துக்குப் படம் குறைந்துகொண்டே வந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். செஞ்சி பக்கமிருந்து வரும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது அரியாங்குப்பம் ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் பிரிகிறது. நகரத்துப் பெரிய வாய்க்காலும் உப்பாறும் நகருக்குத் தெற்கே கடலைச் சேர்கின்றன. கோடையில் ஆற்று முகங்களை மணல்திட்டு அடைத்துக்கொள்ளும். கழிவுநீர் உள்ளேயே தேங்கிக் கறுத்துக் கிடக்கும், கடல் தெளிவாகத் தெரியும். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்ததும் திட்டு உடைந்து, மாதக்கணக்கில் தேங்கியது ஒரே நாளில் கடலுக்குள் போகும். அந்தத் தண்ணீர் வாடை நீரோட்டத்தில் தெற்கே போகும், கோடை நீரோட்டத்தில் வடக்கே போகும். ஆகவே மழைக்காலத்தில் ஆற்று முகத்துக்குத் தெற்கே ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு நம்பிக் குளிக்க முடியாது. பெருமழை விட்ட பிறகு மூன்று நாள் கழித்து இறங்குவதே நல்லது.

சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரைக்கு 2021இல், கடற்கரைத் தரத்துக்கான நீலக்கொடிச் சான்று கிடைத்தது. இது 1985இல் பிரான்சில் தொடங்கிய திட்டம் என்பதால் உங்களுக்குப் பழக்கமான பெயர். அதன் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்: அந்தச் சான்று எல்லை குறித்த அந்தத் துண்டுக் கரைக்கு மட்டும்தான், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். "நீலக்கொடிக் கடற்கரைக்குப் பக்கத்து மனை" என்று தரகர் சொன்னால், பக்கத்துக் கரையின் தண்ணீரைப் பற்றி அந்தச் சான்று ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் அந்தத் துண்டு, இரண்டு ஆற்று முகங்களுக்கு நடுவில் இருக்கிறது.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் தண்ணீரைச் சோதித்துவிடலாம். ஆய்வகத்தில் கிருமி நீக்கிய புட்டி வாங்கிக்கொள்ளுங்கள். விடியற்காலையில், முழங்காலுக்கு மேல் ஆழத்தில் நின்று, புட்டியை மூடியோடு ஒரு சாண் கீழே இறக்கி, அங்கே திறந்து நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடுங்கள். வாயையும் மூடியின் உட்பக்கத்தையும் விரல் தொடக்கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். வெயிலில் வண்டி டிக்கியில் கிடந்த புட்டியின் முடிவை நம்ப வேண்டாம். கேட்க வேண்டியது மலக் கோலிஃபார்ம், எண்டரோகாக்கை இரண்டும்; தண்ணீரில் மலக் கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கிருமிகள் இவை. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிக்கும் கடல்நீருக்கு வைத்திருக்கும் அளவு 100 மி.லி.க்கு மலக் கோலிஃபார்ம் 100. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 நெறிமுறையில் 'மிகச் சிறப்பு' வகைக்கு எண்டரோகாக்கை 100, ஈ.கோலை (மலக் கோலிஃபார்மில் ஒரு வகை) 250 என்பது வரம்பு. அதையும் ஒரே சோதனையில் முடிவுகட்டுவதில்லை. நீங்களும் மே, ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி என்று நான்கு தடவையாவது எடுங்கள்.

தண்ணீர் சுத்தமாக இருந்தாலும் கடல் ஆளைக் கொல்லும் என்பதை மறக்க வேண்டாம். இந்தக் கரை சட்டென்று ஆழமாகும். அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடைவெளியில்தான் தண்ணீர் உள்ளே இழுக்கும். புதிதாக வருகிறவர்கள் அங்கேயே இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். எந்த இடத்தில் இறங்கலாம் என்று அந்தக் குப்பத்து மீனவரைக் கேட்டு, அவர் சொன்ன இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

இனி மனை, பத்திரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகப் போக எல்லை மாறிக்கொண்டே இருக்கும். கோட்டக்குப்பம், முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் தமிழ்நாடு. பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு புதுச்சேரி. பத்திரப் பதிவு, கட்டட அனுமதி, மின்சாரம் எல்லாம் அதற்கேற்ப மாறும். "பாண்டிதான்" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை ஏற்காமல், எந்த மாநிலம், எந்த வருவாய்க் கிராமம், என்ன சர்வே எண் என்று எழுதி வாங்குங்கள்.

ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இல்லாமல் வாங்கும் பேச்சையே தொடங்காதீர்கள். 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தியாவோடு இணைந்த பகுதியைச் சேர்ந்தவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கும் அந்த அட்டை பெற வழி இருக்கிறது. புதுச்சேரிக் குடும்பங்கள் அதில் அடங்கும். தாத்தாவின் பிறப்புப் பதிவு, குடும்பக் கையேடு எல்லாவற்றையும் பாரிசிலேயே தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள். அட்டை இருந்தால் வீடும் கடையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. அதிகம் பேர் சிக்குவது இந்த இடத்தில்தான். கடலோரத்தில் அழகாகக் காட்டப்படுவதில் பல தென்னந்தோப்பு. வேலி போட்டு, சாலை வெட்டி, 'வில்லா மனை' என்று பலகை வைத்திருப்பார்கள். வருவாய்ப் பதிவேட்டில் இன்னும் புஞ்சை என்றே இருக்கும். நிலப் பயன் மாற்றிய ஆணையின் நகலை வாங்கிப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பணம் வங்கி வழியாக மட்டுமே போகட்டும். ரொக்கமாகப் போன பணத்தை நாளைக்கு வீட்டை விற்றுப் பிரான்சுக்கு எடுத்துப் போகும்போது கணக்கில் காட்ட முடியாது.

கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தைப் பற்றி: உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் கோடு) 500 மீட்டர் வரை விதிகள் உண்டு. ஆறு, கழிமுகம் ஓரமாகவும் உண்டு. பலர் கடலை மட்டும் அளந்துவிட்டு, பின்பக்கம் உப்பங்கழி இருப்பதை விட்டுவிடுகிறார்கள். 2011 அறிவிக்கையும் 2019 அறிவிக்கையும் கட்டக்கூடாத தூரத்தை வேறு வேறாக வைத்திருக்கின்றன. அதனால் இப்போது நடப்பில் உள்ள வரைபடம் எது என்று கேட்டு, உங்கள் சர்வே எண் அதில் எந்த வகையில் விழுகிறது என்பதைக் கடலோர மேலாண்மை ஆணையத்திடமிருந்து எழுத்தில் பெறுங்கள். தரகரின் கைபேசிப் படம் போதாது.

கட்டிய வீடு வாங்குவதானால், முதலில் சன்ஷேடின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். கம்பி போகும் வரிசையில் மயிரிழை விரிசலும் பழுப்புக் கறையும் இருக்கிறதா? ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டினால் 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்கிறதா? உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேலே பூசி வெள்ளையடித்தால் இரண்டு மழைக்கு நிற்கும். இப்படி ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு: உவர்த் தண்ணீரில் கலவை போட்டது, கம்பிக்கு மேல் போதிய கவசம், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம், விடாதது. கடல் சாரல் படும் இடத்துக்கு கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456, எம்35 வலிமை வகைக் கான்கிரீட்டும் 50 மி.மீ. கவசமும் கேட்கிறது. அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் உள்ளூரில் வழக்கமாக வைக்கும் 25 மி.மீ. கட்டை இங்கே பாதியளவுதான். புதிதாகக் கட்டினால், கான்கிரீட் போடும் முன் நீங்களே அளவுகோலோடு போய்க் கவசக் கட்டையை அளந்து பாருங்கள். மாடிக் கைப்பிடிக்கு எவர்சில்வர் போடுவதானால் 316 வகை கேளுங்கள். 304 சீக்கிரமே புள்ளி புள்ளியாகக் கறுத்துவிடும்.

போர் தண்ணீரின் உப்பைச் சோதிக்க ஒரு டிடிஎஸ் பேனா (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) போதும். மோட்டார் போட்டதும் ஒரு தடவை, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஒரு தடவை அளங்கள். குடிநீருக்கு விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மி.கி., வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை. ஓட ஓட அளவு ஏறினால் கீழிருக்கும் உவர்நீர் மேலே வருகிறது. இன்னும் ஆழமாகத் தோண்டுவது பல சமயம் நிலைமையைக் கெடுக்கும். மே மாதத்து அளவுதான் உண்மையான அளவு. மணல்பாங்கான நிலத்தில் கழிவறை உறிஞ்சுகுழி சீக்கிரம் போருக்குப் போய்ச் சேரும். உங்கள் குழி மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் குழியும் போரிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கிருமிச் சோதனையும் செய்துவிடுங்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டும் உடனே வாங்காதீர்கள். 11 மாத ஒப்பந்தத்தில் அதே தெருவில் வாடகைக்கு இருங்கள், அதில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கட்டாயம் இருக்கட்டும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் கரையேறியபோது ஒரு நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. ஃபெஞ்சலின்போது தண்ணீர் எதுவரை ஏறியது, எத்தனை நாள் மின்சாரம் இல்லை என்று தெருவில் மூன்று வீட்டில் கேளுங்கள். விற்கிறவரைக் கேட்பதால் பயனில்லை.

கடற்கரையில் வலை உலர்வதையும் கருவாடு காய்வதையும் அசுத்தம் என்று எண்ண வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறோம். அது மீனவர்களின் தொழிலிடம், உங்களுக்கு வெகுகாலம் முன்பிருந்து அவர்களுடையது. மனைக்கு முன்னால் கரைக்குப் போகும் வழியை வேலி போட்டு அடைத்தால் தகராறு நிச்சயம், நியாயமும் அவர்கள் பக்கம்தான். குடிவந்ததும் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் போய்ப் பாருங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும், குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து வழி மாறிப் போகும். அந்த மாதங்களில் கடல் பக்க விளக்கை இரவில் அணைத்துவிடுங்கள்.

ஒரு தெருவில் நான்கு குடும்பம் சேர்ந்தால், கடல்நீர்ச் சோதனைச் செலவைப் பகிர்ந்துகொண்டு மாதம் ஒரு தடவை எடுக்கலாம். முடிவின் நகலை மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கும் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அரசு எடுத்த சோதனை முடிவுகள் வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஆனால் அந்த உரிமை இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே, ஓசிஐ அட்டை அதற்குச் செல்லாது. இங்கே இருக்கும் தம்பியோ மருமகளோ தங்கள் பெயரில் விண்ணப்பம் போடட்டும்.

இப்படிக்கு,
கடலோரக் கட்டட வேலையிலும் நீர்ச் சோதனையிலும் இருக்கும் புதுச்சேரி நண்பர்கள்