இணையத்துக்கு ஊர் கிடையாதாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கலைஞர் ட்ரெவர் பாக்லன் பற்றிய கட்டுரையில் ‘இணையத்துக்கு ஊர் கிடையாது’ என்று ஒரு வரி. அந்த மனிதர் புவியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். முக்குளிக்கக் கற்றுக்கொண்டு, ஃபுளோரிடாவை ஒட்டிய கடலடியில் கிடக்கும் இணையக் கேபிள்களைப் படமெடுத்தவர். இணையத்துக்கு ஊர் உண்டு என்று காட்டத்தான் அத்தனை பாடும். அவரைப் புகழும் கட்டுரையிலேயே இப்படி எழுதத் தனித் துணிச்சல் வேண்டும்.

அதோடு விட்டீர்களா? நியூயார்க் மாநிலத்து மாஸ்டிக் பீச்சைப் பற்றிய அவருடைய படத்தில் பாதியை வெட்டிவிட்டீர்கள். அது இரட்டைப் படம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு பக்கம் கடற்கரை. மறுபக்கம் கப்பலோட்டிகளின் கடல் வரைபடம், அதன்மேல் ஒட்டிய ஆவணங்கள். உளவு அமைப்பு ஒட்டுக்கேட்ட கேபிள் கரையேறும் இடம் என்று தலைப்பிலேயே சொல்லியிருக்கிறார். நீங்கள் அச்சிட்டது வெறும் மணலும் அலையும். என் பேத்தி பார்த்துவிட்டு, “இது மெரினாவா, தாத்தா?” என்றாள்.

நான் சென்னையில் 31 ஆண்டுகள் தொலைபேசிக் கேபிள் ஜாயின்டராக, அதாவது கேபிள்களை இணைப்பவனாக, இருந்தவன். ஒருமுறை வடிகாலுக்குத் தோண்டிய இயந்திரம் எங்கள் கேபிளை அறுத்துவிட்டது. அலுவலக வரைபடத்தில் கேபிள் சாலையின் இடப்பக்கம் போனது. மண்ணுக்குள் வலப்பக்கம் கிடந்தது. முழங்கால் சேற்றில் உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் வெள்ளை–நீலம், வெள்ளை–ஆரஞ்சு என்று ஜோடி ஜோடியாக முறுக்கி முடிக்க மூன்று இரவுகள் ஆயின. தவறு வரைந்தவருடையது, மெமோ எனக்கு வந்தது. ஊர் கிடையாது என்று எழுதியவரை அந்தப் பள்ளத்தில் ஒரு மணி நேரம் உட்கார வைத்திருக்கலாம்.

1871-லேயே சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடியில் தந்திக் கேபிள் போய்விட்டது. 2020 ஆகஸ்டில் சுமார் 2,300 கி.மீ. நீளச் சென்னை–அந்தமான் கேபிள் செயல்பாட்டுக்கு வந்தபோது நீங்கள் தொடக்க விழாப் படத்தைப் பெரிதாகப் போட்டீர்கள். சென்னையில் அது எந்தக் கரையில் ஏறுகிறது என்று ஒரு சொல் இல்லை. அப்போதும் எழுதினேன். மூன்று வரியாகச் சுருக்கி, எழுதியவர் ‘மின் ஊழியர்’ என்று வெளியிட்டீர்கள். என் மனைவி அதைக் கத்தரித்து வைத்திருக்கிறாள், என்னைக் கேலி செய்வதற்கு.

அடுத்த இதழில் அந்த மறுபாதியை, எழுத்துகள் படிக்கத் தெரியும் அளவில் அச்சிட வேண்டுகிறேன். இடமில்லையென்றால் இந்தக் கடிதத்தை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேபிள் ஜாயின்டர் (மின் ஊழியர் அல்ல),
சென்னை