புரோப் கோளாறுக்கு அரை மணி நேரம் கொடுங்கள்

இயந்திரப் பாகங்கள் தயாரிக்கும் தொழிற்கூடங்களின் தரக் கட்டுப்பாட்டு மேலாளர்களுக்கு,

வணக்கம். 12 ஆண்டுகளாகச் சிஎம்எம் (பாகங்களின் அளவைத் துல்லியமாக எடுக்கும் ஆய அளவீட்டு இயந்திரம்) இயக்கி வருபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். பாகத்தைத் தொட்டு அளவெடுக்கும் அதன் உணர்வியான புரோப்பில் கோளாறு என்ற ஐயம் எழும்போது காரணத்தைத் தேடுவதற்கு நேரமும், அதுவரை அளவீட்டை நிறுத்தி வைக்கும் அதிகாரமும் ஆபரேட்டருக்கு வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், ஓர் இரவு ஷிஃப்டில் வார்ப்பிரும்பு ஹவுசிங்குகளின் (உறைப் பாகங்களின்) துளை விட்டம் 10 மைக்ரான் வரை ஏறி இறங்கியது. அந்த லாட்டை (ஒரே தொகுதியாகச் செய்த பாகங்களை) ஒதுக்கச் சொன்னார்கள். பாகங்களை வெட்டும் சிஎன்சி இயந்திரத்தின் ஆபரேட்டர் டூல் ஆஃப்செட்டை (வெட்டுக்கருவியின் நிலையைத் திருத்தும் எண்ணை) இரண்டு முறை மாற்றினார். விடிந்தபின் புரோப்பின் கழற்றக்கூடிய முன்பகுதியான மாட்யூலைக் கழற்றிப் பார்த்தேன். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் அதன் முகப்பில், அதை நிலைநிறுத்தும் பந்துகளில் ஒன்றின் மேல், கடுகில் பாதிகூட இல்லாத சாம்பல் நிறப் பொட்டு ஒன்று இருந்தது. வார்ப்பிரும்புத் தூளைக் காந்தம் இழுத்து வைத்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி குவாலிஃபை செய்ததும் (அளவு தெரிந்த குறிப்புக் கோளத்தைத் தொட்டுச் சரிபார்த்ததும்) அளவு நிலைபெற்றது. ஒதுக்கிய பாகங்களில் குறையே இல்லை. ஆஃப்செட்டை மாற்றிய பிறகு ஓட்டியவைதான் உண்மையில் கெட்டிருந்தன.

இது ஏன் நடக்கிறது என்பதை நீங்கள் அறிந்திருப்பது அவசியம். பரவலாகப் பயன்படும் தொடு புரோப்பினுள் மூன்று சிறு கம்பிகள் ஆறு பந்துகளின் மேல் அமர்ந்து ஒரு மின்சுற்றை மூடி வைத்திருக்கின்றன; முனையிலுள்ள மெல்லிய தண்டான ஸ்டைலஸ் பாகத்தைத் தொட்டு அசையும்போது மின்தடை உயர, அந்தக் கணத்து ஸ்கேல் மதிப்பு, அதாவது இயந்திரத்தின் நிலை, பதிவாகிறது. ஆகவே உள்ளே அமரும் இடம் தேய்ந்தாலும், மாட்யூல் ஒட்டும் முகப்பில் அழுக்குப் படிந்தாலும், ஸ்டைலஸ் மரை தளர்ந்தாலும் அளவு தவறிவிடும்.

“குவாலிஃபை பண்ணிட்டு ஓட்டு” என்பதே வழக்கமான உத்தரவு. தளர்ந்த ஸ்டைலஸை வைத்துக் குவாலிஃபை செய்தாலும் கணினி அதன் முனைப் பந்துக்கு ஏதோ ஒரு விட்டத்தைக் காட்டத்தான் செய்யும். எனவே முதலில் ஸ்டைலஸை இறுக்கி, ரூபி பந்தையும் மாட்யூல் முகப்பையும் துடைத்து, அதன்பின் குறிப்புக் கோளத்தைப் பல புள்ளிகளில் அளந்து வடிவப் பிழையைப் பார்க்க வேண்டும். அது இன்னும் பெரிதாக இருந்தால் மாற்று மாட்யூலைப் பொருத்திப் பார்ப்பதே விரைவான வழி. புரோப்பைத் தாங்கும் தலையைக் குறிப்பிட்ட கோணத்துக்குத் திருப்பும்போது மட்டும் கோளாறு வந்தால் கேபிளையும் இணைப்பையும் சந்தேகியுங்கள். எதையும் தொடாமல் காற்றிலேயே ட்ரிகர் ஆனால், நீளமான அல்லது கனமான ஸ்டைலஸ் வேகமான நகர்வில் அதிர்கிறதா என்று பாருங்கள். முடுக்கத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

குவாலிஃபை செய்த விட்டத்தை நாள்தோறும் ஒரு பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். 4 மில்லிமீட்டர் ரூபி பந்துக்கு அது 4-க்குச் சற்றுக் குறைவாக வருவது இயல்பு, ஏனெனில் தொட்ட கணத்துக்கும் பதிவாகும் கணத்துக்கும் இடையே ஸ்டைலஸ் சிறிது நகர்கிறது. நேற்றைய எண்ணிலிருந்து திடீரென விலகினால்தான் கவலைப்பட வேண்டும்.

ஒவ்வொரு சிஎம்எம்முக்கும் ஒரு மாற்று மாட்யூலை அளவீட்டு அறையிலேயே வைத்திருங்கள். புரோப்பில் ஐயம் என்று ஆபரேட்டர் எழுதிக் கையொப்பமிட்டால், அது தீரும்வரை எந்த ஆஃப்செட்டையும் மாற்றக் கூடாது, எந்த லாட்டையும் ஒதுக்கக் கூடாது என எழுத்துப்பூர்வமாக ஆணையிடுங்கள். அதற்குச் செலவாகும் அரை மணி நேரத்தை ஆபரேட்டரின் தாமதமாகக் கணக்கில் ஏற்றாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு சிஎம்எம் ஆபரேட்டர்