ஞாயிற்றுக்கிழமை வராதே

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் பகலிலேயே வந்துவிட்டது. அவர் படித்து, அத்தைக்கு வாசித்துக் காட்டி, பெரியவளும் தன் பங்குக்கு ஒருமுறை புரட்டிப் பார்த்து, ராத்திரி என் கைக்கு வந்து சேர்ந்தது. வேலைக்காக நகரத்துக்குப் போய்வருகிறவளுக்கு வீட்டுச் செய்தி எல்லாமே நாலாவது கை மாறித்தான் வரும். நீ கேட்டிருப்பதற்கு அதிலேயே கொஞ்சம் பதில் இருக்கிறது.

குடும்பத்தோடு நகரத்தை விட்டுக் கிளம்பி, ரயில் எட்டும் தூரத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறாய். வாடகை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, காற்று என்று வரிசையாகக் கேள்வி. பரீட்சை எழுதி முடித்த கையோடு எத்தனை மார்க் வரும் என்று கூட்டிப் பார்த்தவள்தானே நீ! ஆனால் உன் பட்டியலில் ஒன்றை மட்டும் காணோம்: ரயில் ஏறப்போவது யார்? நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் உன் வீட்டுக்காரர்தான் என்று தெரிகிறது. அப்படியானால் ஊர் பார்க்க அவரை அனுப்பாதே. பகலில் அந்த ஊரில் இருக்கப்போகிறவர்கள் போய்ப் பார்க்கட்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் ஐந்து பேரும் ஒரே ஊருக்குத்தான் குடிவந்தோம். அவர்கள் நாலு பேருக்கும் ஊர் கிடைத்தது, எனக்கு ஒரு ரயில் நிலையம் கிடைத்தது. என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறார். எந்தத் தெருவில் யார் எதைப் பழுது பார்ப்பார், நூலகத்தில் புதுப் புத்தகம் என்றைக்கு வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அத்தைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே சிநேகிதிகள் சேர்ந்துவிட்டார்கள். ஒரு நாள் நான் லீவு போட்டுவிட்டு எங்கள் தெருவில் நடந்து வருகிறேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "யார் வீட்டுக்கும்மா வந்திருக்கீங்க?" என்று கேட்டார். எங்கள் வீட்டைக் காட்டினேன். "ஓ, அந்தப் பாட்டியோட மருமகளா!" என்று முகம் மலர்ந்தார். அத்தைக்கு அன்றைக்கெல்லாம் ஒரே சிரிப்பு.

இனி உன் கேள்விகளுக்கு வருகிறேன். ரயிலில் படிக்க நிறைய நேரம் கிடைக்கிறது, அதனால் நடுநடுவே பாடமும் வரும். பொறுத்துக்கொள்.

வாடகை குறையும், சந்தேகமே வேண்டாம். ஆனால் எதனால் குறைகிறது? 1826-லேயே ஃபோன் தூனென் என்ற ஜெர்மன் பண்ணையார் இதைப் போட்டு உடைத்துவிட்டார். நடுவில் ஒரே ஒரு நகரம், சுற்றிலும் ஒரே மாதிரி நிலம் என்று வைத்துக்கொண்டார். பாலும் காய்கறியும் சீக்கிரம் கெட்டுப்போகும், அதனால் அவை நகரத்தை ஒட்டி விளையும். தானியம் நாள்பட நிற்கும், அது தள்ளிப்போகும். கால்நடைகள் தாமே நடந்து சந்தைக்கு வந்துவிடும், அவை கடைக்கோடிக்குப் போகும். சந்தைக்குக் கொண்டுபோகும் செலவு ஏற ஏற நிலத்துக்குக் கிடைக்கும் குத்தகை இறங்கும். 1964-இல் வில்லியம் அலோன்சோ என்பவர் இதே கணக்கை நகரத்து வீடுகளுக்குப் போட்டுக் காட்டினார். இப்போது சந்தைக்குப் போவது பாலும் தானியமும் அல்ல, உன் வீட்டுக்காரர். வாடகையில் நீ மிச்சம் பிடிக்கப்போவதில் பெரும்பகுதி அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் செலவு. சீசன் டிக்கெட் அதில் கொசுறு. மீதியெல்லாம் அவர் நேரம்.

அந்த நேரத்துக்கு ஈடாகத்தான் பெரிய வீடும் காற்றோட்டமும் கிடைக்கிறதே, சரிக்குச் சரி ஆகிவிடாதா என்று கேட்பாய். பொருளாதாரப் பாடமும் அப்படித்தான் சொல்கிறது. சுவிட்சர்லாந்தில் புரூனோ ஃப்ரை, அலாய்ஸ் ஸ்டுட்சர் என்று இரண்டு பொருளாதார அறிஞர்கள், ஜெர்மனியில் அதே குடும்பங்களிடம் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கெடுப்பை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சரிக்குச் சரி ஆகவில்லை. வேலைக்குப் போய்வர அதிக நேரம் எடுத்தவர்கள், வாழ்க்கையில் திருப்தி குறைவு என்றே சொல்லியிருந்தார்கள். 2008-இல் வந்த கட்டுரை. எனக்குத் தோன்றும் காரணம் இது: வீடு பார்க்கப் போகும்போது கூடுதல் அறை கண்ணுக்குத் தெரிகிறது, தாமதமாக வரும் ரயில் தெரிவதில்லை. அந்த அறை ஒரே மாதத்தில் பழகிவிடுகிறது. ரயிலோ தினம் ஒரு விதமாகப் படுத்துகிறது, பழகவே மாட்டேன் என்கிறது.

எவ்வளவு நேரம் தாங்கும்? செசாரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-இல் ஒரு கணக்குச் சொன்னார். கால்நடையாகப் போன காலமானாலும் கார் காலமானாலும், மனிதர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம்தான் பயணத்தில் செலவழிக்கிறார்களாம். மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் அரை மணியில் இரண்டரை கிலோமீட்டர் போய், அரை மணியில் திரும்பலாம். பழைய கோட்டை நகரங்கள் 5 கிலோமீட்டர் குறுக்களவுக்குள் அடங்கியதற்கு அதுதான் காரணம் என்கிறார். வண்டி வேகமானபோது யாரும் நேரத்தை மிச்சம் பிடிக்கவில்லை, இன்னும் தள்ளிக் குடிபோனார்கள். அதனால் "புது ரயில் பாதை வரப்போகிறது, தூரம் பாதியாகிவிடும்" என்று தரகர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடு.

என் பயணம் அந்த ஒரு மணியை எப்போதோ தாண்டிவிட்டது. வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆன பிறகுதான் மூச்சு விட முடிகிறது. ஆகவே நாள் கணக்குப் பார்க்காதே, வாரக் கணக்குப் பார். கிலோமீட்டரைக் கேட்காதே. உன் வீட்டு வாசலிலிருந்து அவர் ஆபீஸ் நாற்காலி வரை எவ்வளவு நேரம், கடைசி வண்டி எத்தனை மணிக்கு, அதை விட்டுவிட்டால் வீடு வந்து சேர வேறு வழி உண்டா, இதைக் கேள். ஒரே ஒரு வண்டியை நம்பி இருக்கும் ஊர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

பிள்ளைகள் விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களுக்கு மன அழுத்த மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். உனக்கு ரொம்பப் பிடிக்கும். துணையை இழப்பதற்கு 100. வீடு மாறுவதற்கு வெறும் 20. பரவாயில்லையே என்று நினைக்காதே, அது தனியாக வருவதில்லை. பள்ளி மாறுவதற்கு இன்னொரு 20. வாழும் சூழல் மாறுவதற்கு 25. நாலு பேரோடு கூடிப் பழகும் விதம் மாறுவதற்கு 18, தூங்கும் நேரம் மாறுவதற்கு 16. கூட்டிப் பார், 99 வருகிறது. (அந்தப் பட்டியலில் விடுமுறைக்குக் கூட 13 உண்டு. அதை நான் நம்புகிறேன்.)

சின்னவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தவில்லை. வந்த அன்று சாயங்காலமே பந்தை எடுத்துக்கொண்டு போனவனைத் தேடிப் பிடித்துத்தான் கூட்டிவர வேண்டியிருந்தது. பெரியவள் அப்படி இல்லை. பேச்சு குறைந்தது, பழைய சிநேகிதிகளோடு போனில் மட்டும் சிரித்தாள். ஒருத்தி மட்டும் புது ஊரில் நெருக்கமான பிறகுதான் வீட்டில் குரல் கேட்டது. ஒய்ஷி என்ற உளவியலாளரும் ஷிம்மாக் என்பவரும் 2010-இல், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெரியவர்களிடம் கேட்டறிந்ததும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. சிறு வயதில் அடிக்கடி இடம் மாறியவர்களில் கூச்ச சுபாவம் உள்ளவர்களிடம்தான் பிற்பாடு மனநிறைவு குறைவாக இருந்தது. கலகலப்பானவர்களை அது அவ்வளவாகப் பாதிக்கவில்லை. உன் சின்னவள் யாரிடமும் சட்டென்று ஒட்டமாட்டாள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாயே. அவளுக்காகச் சொல்கிறேன்: போவதானால் ஒரே தடவை போங்கள். முதலில் ஒரு ஊரில் வாடகைக்கு, அப்புறம் மனை வாங்கி இன்னொரு ஊருக்கு என்று பெயர்க்காதீர்கள். பிடித்த ஊரிலேயே வாடகைக்கு இருந்து பாருங்கள். அதுவரை நகரத்து வீட்டை விற்க வேண்டாம்.

மாமாவின் உடம்புக்காக ஆஸ்பத்திரி பற்றிக் கேட்டிருந்தாய். கட்டடத்தைப் பார்த்து ஏமாறாதே. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவு நல்லது. அதற்கும் முன்னால், அது அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் ஊசியைத் தொடவே மாட்டார்கள். அதனால் ஸ்கேன் கருவி இருக்கிறதா, ராத்திரி இரண்டு மணிக்கு அதை இயக்க ஆள் இருக்கிறாரா, ஊசி இருக்கிறதா என்று நேரில் போய்க் கேள். இல்லை என்றால், இருக்கிற இடத்துக்கு ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரத்தில் போகும் என்று கேள். சளி, காய்ச்சலுக்கு எந்த ஊரிலும் டாக்டர் கிடைப்பார்.

எந்த ஊர் என்று முடிவு செய்ய நான் பார்ப்பது ஒன்றுதான்: வேலைநாளில் பகல் பதினோரு மணிக்கு அந்த ஊர்க் கடைத்தெரு எப்படி இருக்கிறது? ஜனம் நடமாடினால் அது ஊர். வெறிச்சோடிக் கிடந்தால், எல்லோரும் வந்து தூங்கிவிட்டுப் போகிற இடம். எபனேசர் ஹோவர்டைப் பற்றி அண்மையில் படித்தேன். லண்டன் நாடாளுமன்றத்தில் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டிருந்த மனிதர். நகரம் ஒரு காந்தம், கிராமம் ஒரு காந்தம், இரண்டின் நல்லதும் சேர்ந்த மூன்றாவது காந்தம் ஒன்று வேண்டும் என்று 1898-இல் எழுதினார். அவர் திட்டப்படி ஒரு ஊருக்கு 32,000 பேர். மொத்தம் 6,000 ஏக்கர், அதில் வீடும் தெருவும் 1,000 ஏக்கருக்குள், மீதியெல்லாம் விளைநிலம். வெறும் கனவோடு நிற்கவில்லை. 1903-இல் லண்டனுக்கு வடக்கே லெட்ச்வொர்த் என்ற ஊரைத் தொடங்கியே விட்டார்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், அவர் ரயில் ஏறி லண்டனுக்கு வேலைக்குப் போகும் ஊரை நினைக்கவில்லை. வேலையும் அங்கேயே இருக்க வேண்டும் என்றார். பெண்களின் உள்ளாடை தைக்கும் பெரிய தொழிற்சாலை ஒன்று அங்கே வந்தது. சுற்றிலும் விளைநிலத்தை விட்டுவைத்ததும் ஊர் கண்டபடி பரவாமல் இருக்கத்தான். நமக்கு அமைகிற ஊர்களில் அந்த வேலி கிடையாது. பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர், நாம் குடிவந்ததாலேயே கொஞ்சம் பெரிதாகிவிடுகிறது. இன்றைக்கு எதிரே காலி மனை என்றால் என்றைக்கும் காலி மனை என்று நம்பி ஜன்னல் வைக்காதே.

காற்று நன்றாகவே இருக்கிறது. வானம் பாதிதான் நம்முடையது. நகரம் இருக்கும் திசையில் அடிவானம் ராத்திரி முழுக்க மஞ்சளாக மங்கிக் கிடக்கும், எதிர்ப்பக்கம் திரும்பினால்தான் நட்சத்திரம். உலகில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குப் பால்வீதி கண்ணில் படுவதே இல்லை என்று 2016-இல் வந்த ஒளி மாசு வரைபடம் சொல்கிறது. நான் வீடு திரும்பும் நேரத்தில் பார்க்க வானம் மட்டும்தான் இருக்கும் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

"நீ மறுபடி நகரத்துக்கே போய்விடுவாயா?" என்று கடைசியில் கேட்டிருந்தாய். நான் மட்டும் என்றால் நாளைக்கே மூட்டை கட்டுவேன். வீட்டில் ஓட்டுக்கு விட்டால் நாலுக்கு ஒன்று, டெபாசிட் மட்டும்தான் மிஞ்சும். பெரியவள்கூட இப்போது அந்தப் பக்கம்தான். அதனால் வேறு வழியில் பேரம் பேசினேன். சனிக்கிழமை காலையில் என்னை யாரும் எழுப்பக் கூடாது. ராத்திரி நிலையத்துக்கு யாராவது ஒருவர் நடந்து வர வேண்டும், வீடு வரும் வரை அன்றைய கதையைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சின்னவன்தான் வருகிறான், பாதி பொய்தான் சொல்கிறான். பரவாயில்லை. உன் வீட்டுக்காரருக்கு என்ன சலுகை என்று குடிபோவதற்கு முன்பே பேசி முடித்துவிடு. குடிபோன பிறகு அவரால் கேட்கவும் முடியாது, உங்களுக்கு நினைவும் வராது.

இங்கே வந்து பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். வாடி, ஆனால் ஞாயிற்றுக்கிழமை வராதே. ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரும் நன்றாகத்தான் இருக்கும். செவ்வாயோ புதனோ பார்த்து, முந்தின ராத்திரியே எல்லோருமாக வந்து தங்குங்கள். விடியற்காலையில் உன் வீட்டுக்காரர் என்னோடு ரயில் ஏறட்டும், வழக்கமாகத் திரும்பும் வண்டியில்தான் திரும்பட்டும். நீயும் பிள்ளைகளும் மாமாவும் பகல் முழுக்க இங்கே இருங்கள். பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் என் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். தேதியை மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே எழுது. நீ வருகிற அன்றைக்கு நான் கட்டாயம் ஆபீஸ் போகிற மாதிரி மாற்றிக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி