ஜோக்ஜாவில் என் கடம் உடைந்த பிறகு

இந்த மடல் யாருக்குப் போக வேண்டுமோ அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. எனக்கோ மனசு விட்டு எழுத வருவது தமிழில்தான். பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

ஜாவாத் தீவின் யோக்யகர்த்தாவுக்கு வெண்கலக் கருவிகளைத் தட்டி வாசிக்கும் ஒரு கமெலான் குழுவோடு பத்து நாள் சேர்ந்து வாசிக்கப் போயிருந்தேன். ஊர்க்காரர்கள் வாயில் அது ஜோக்ஜா. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால், கடத்தில் கழுத்திலிருந்து வயிறு வரை விரிசல். அழைத்துப்போக வந்திருந்த ம்பாக் (அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்குள் போகிற ரயிலில் யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "நாளைக் காலையில் கசோங்கான் போகிறோம்" என்றார். அக்கா, முதல் நன்றி உங்களுக்கு.

கசோங்கான் என்பது ஊருக்குத் தெற்கே பந்துல் பகுதியில் இருக்கும் குயவர் கிராமம். தெரு நெடுகப் பானை, ஜாடி, பூந்தொட்டி. ஒரு பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பானையாக மடியில் வைத்துத் தட்டினேன். கடத்துக்கான மண்ணில் உலோகத் தூள் சேர்ப்பார்கள், சுவரும் தடிமனாக இருக்கும்; அந்தக் கணீர் அதனால் வருவது. இவை வீட்டுப் பானைகள், "பொத்" என்றன. நாலைந்து பானையிலேயே நான் தேடுவது என்னவென்று பட்டறைக்காரருக்குப் புரிந்துவிட்டது. அவரே விரல் கணுவால் தட்டி, ஆகாதவற்றை ஒதுக்க ஆரம்பித்தார். முப்பது பானையாவது தட்டியிருப்போம். கடைசியில் அவர் மனைவி, சமையல்கட்டில் அரிசி போட்டு வைத்திருந்த பழைய பானையைக் காலி செய்து எடுத்துவந்தார். கணீர் இல்லை, ஆனால் வயிற்றில் கும்மென்று ஒரு நாதம்! காசு வாங்கிக்கொண்டார்கள். நல்லதாய்ப் போயிற்று, இனாமாக வந்திருந்தால் அதை அத்தனை அடி அடிக்க எனக்கு மனம் வந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கமெலானில் ஒவ்வொரு தொகுதிக்கும் அதனதன் சுருதி. ஒன்றின் கருவியை இன்னொன்றில் கொண்டுபோய் வைக்க முடியாது. உடையாமல் வந்திருந்தால் என் கடம் அந்தச் சுருதியோடு முட்டிக்கொண்டே இருந்திருக்கும். அரிசிப் பானை யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.

சண்டை தாளத்தில் வந்தது. நமக்கு எடை விழுவது ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில், சமத்தில். அவர்களுக்குக் கடைசி அடியில், கோங் என்கிற பெரிய தொங்கு மணித்தட்டு ஒலிக்கும் இடத்தில். நான் தீர்மானம் (ஒரே சொற்கட்டை மூன்று தரம் வாசித்து முடிப்பது) வைத்து இறங்கும்போதெல்லாம் ஒரு அடி தள்ளி, கோங் ஓய்ந்தபின் தனியாக விழுந்தேன். குழுவை நடத்துகிற கென்டாங் மத்தளக்காரர் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் பானையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கோங் அடிக்கும் கட்டையைக் கையில் கொடுத்தார். ஒரு மதியம் முழுக்க அதுதான் வேலை: காத்திருப்பது, ஒரே ஒரு அடி, மறுபடி காத்திருப்பது. சாயங்காலம் பானையைத் திருப்பித் தந்தபோது தீர்மானம் கோங்கோடு போய் உட்கார்ந்தது. ஐயா, இருபது வருஷம் வாசித்தவனைப் பிள்ளையார் சுழியிலிருந்து தொடங்க வைத்ததற்கு நன்றி.

முதல் நாள் ஒரு கருவியைத் தாண்டிக் கால் வைக்கப்போன என்னை, முழங்கையைப் பிடித்துச் சத்தமில்லாமல் நிறுத்திய பையனுக்கும் நன்றி. என் கடத்தை யாராவது தாண்டினால் நான் என்ன பேச்சு பேசுவேன்!

பெச்சா (அங்கத்து சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டுகிற பெரியவரே, உங்கள் ஊரில் வழி கேட்டால் இடது, வலது கிடையாது. வடக்கே போ, அப்புறம் கிழக்கே. வடக்கென்றால் மெராப்பி எரிமலை இருக்கிற பக்கம். மேகம் மூடிவிட்டால் எனக்கு வடக்கே இல்லை. மூன்று ராத்திரி நீங்கள்தான் கொண்டுவந்து சேர்த்தீர்கள். துகு ரயில் நிலையத்துப் பக்கத்துத் தள்ளுவண்டிக்காரர், காப்பியில் கனன்ற கரித்துண்டைப் போட்டுத் தந்து பயமுறுத்தினார். பலாக்காயைத் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமுமாகச் சமைக்கும் குடெக்கின் தித்திப்பில் நான் தவிப்பதைப் பார்த்து, மறுநாளிலிருந்து கேட்காமலே பச்சை மிளகாய் எடுத்து வைத்ததும் அவர்தான். எல்லோருக்கும் மத்தூர் நுவுன், உங்கள் ஜாவா மொழியிலேயே நன்றி.

உடைந்த கடத்தைப் பட்டறைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். விரிசல் ஓரத்தைச் சுரண்டி, மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். போன வாரம் அவரிடமிருந்து ஒரு ஒலிப்பதிவு வந்தது, புதிதாகச் சுட்ட பானை. இன்னும் "பொத்"தான் ஐயா. சுவரைக் கொஞ்சம் தடிமனாக வைத்துப் பாருங்கள்.