பெருமாநல்லூர்ல உசுர விட்டவங்கள யாரு எழுதி வெக்கறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

தோட்டத்து மோட்டாருக்கு நாம கரண்ட் பில்லு கட்டறதில்லீங்க. இன்னைக்கு பண்ணையம் பாக்கற எளவட்டப் பசங்களுக்கு அது மழை வெயிலாட்டம் தானா வந்ததுன்னு நெனப்பு.

1970-ல யூனிட்டுக்கு ஒரு பைசா கொறைங்கன்னுதானுங்க நம்ம பெரியவங்க கேட்டாங்க. ஒரு பைசாவுக்கா இவ்வளவுன்னு கேப்பாங்க, நம்ம பக்கம் வாய்க்கால் தண்ணி எட்டாத காடு ஜாஸ்திங்க, கெணத்த நம்பித்தான் வெள்ளாம, தண்ணி கீழ போகப்போக மோட்டாரு ஓடற நேரமும் கூடும், மாடு கட்டித் தண்ணி எறைக்கற கவலை ஓட்டுறத விட்டுட்டு கடன ஒடன வாங்கி மோட்டாரு போட்டவங்களுக்கு அந்த பில்லுதான் கழுத்தப் புடிச்சுது. அந்த வருஷம் ஜூன் 19-ந்தேதி திருப்பூர் பக்கத்துல இருக்கற பெருமாநல்லூர்ல போலீஸ் சுட்டதுல மூணு விவசாயிங்க செத்தாங்க.

1972-ல மறுபடியும். விவசாய சங்கத் தலைவரு வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு அய்யா தலைமையில கட்டவண்டியப் பூட்டிக்கிட்டு வந்து கோயமுத்தூர் ரோட்டையே அடைச்சுப் போட்டாங்க. அந்த ஜூலை 5-ந்தேதி துப்பாக்கிச்சூட்டுல செத்தவங்க நெனவாத்தான் உழவர் தினம் வருஷா வருஷம் நடக்குது. வண்டியோட போனவங்க ஆடுமாடு பண்டம்பாடியவும் வெள்ளாமையவும் ஊட்டுப் பொம்பளைங்க கையில விட்டுட்டுத்தான போயிருப்பாங்க, அந்த ஆத்தாளுக பட்ட பாட்ட யாரும் எழுதி நான் படிச்சதில்லீங்க, அது எனக்குப் பெரிய வருத்தம்.

1984-ல சிறு விவசாயிகளுக்கு இலவசம்னு ஆச்சு, 1990-ல எல்லாருக்கும் ஆச்சு. நாயுடு அய்யா 1984 கடைசியிலயே போயிட்டாரு, எல்லாருக்கும் கெடச்சத அவரு கண்ணால பாக்கவே இல்ல. மேடைக்கு மேடை நாங்க குடுத்தோம்னு கட்சிக்காரங்க பேசறாங்க, குடுத்தவங்களுக்கு நன்றி சொல்றதுல தப்பில்லீங்க, ஆனா குண்டு வாங்கி செத்தவங்க பேர அதே மேடையில ஒரு தடவையாச்சும் சொல்லோணும்ல?

அன்னைக்கு இருவது வயசுல வண்டி ஓட்டிட்டுப் போனவங்களுக்கு இப்ப எழுவது தாண்டிருச்சு. இருக்கறவங்க இருக்கும்போதே உங்க நிருபருங்க அவிநாசி, பல்லடம், சூலூர் பக்கம் ஊரூராப் போயி அவங்க சொல்றத அப்படியே எழுதிட்டு வந்து வர்ற ஜூன் 19-க்கு ஒரு முழுப்பக்கம் போடுங்க, பள்ளிக்கூட வாத்தியாருங்க அத வகுப்புல படிச்சுக் காட்டட்டும். போற எடத்துல அந்த ஆத்தாளுககிட்டயும் மறக்காம உக்காந்து கேட்டுட்டு வாங்க.

இப்படிக்கு,
ஒரு கெணத்துப் பாசன விவசாயி,
அவிநாசி வட்டம்.